பொறுமைக்குப் பேர்போன பட்டணம்

சிக்னலில் பச்சை விழும் முன்பே ஹாரன் அடிப்பவன், லிஃப்ட் பொத்தானை நாலு தரம் அழுத்துபவன், ஓட்டலில் உட்காரும்போதே ‘என்னப்பா சூடா இருக்கு?’ என்று கேட்பவன் என்றெல்லாம் சென்னைவாசியைப் பற்றி வெளியூர்க்காரர்கள் சொல்கிறார்கள். பொறுமை என்பது மருந்துக்கும் கிடையாதாம். இதைவிட அபாண்டமான பழி வேறில்லை. எங்கள் ஊர்க்காரனுக்கு நெஞ்சு வலிக்கும்போது வந்து பாருங்கள். மார்மேல் அம்மிக்கல்லைத் தூக்கி வைத்ததுபோல் அழுத்தும். இடது தோள் கடுத்துக் கை வரைக்கும் இறங்கும். வியர்வையில் பனியன் நனைந்து உடம்போடு ஒட்டும். மனிதர் அசைந்து கொடுக்க மாட்டார். “ஒண்ணுமில்ல, கேஸ்தான்” என்பார்.

இந்தப் பொறுமையை அளந்தே வைத்திருக்கிறார்கள். 2001 முதல் 2005 வரை இந்தியாவில் 50 நகரங்களின் 89 மருத்துவமனைகளுக்கு மாரடைப்போடும் அதற்கு நெருங்கிய சொந்தமான பிற இதய நோய்களோடும் வந்து சேர்ந்த 20,468 பேரைப் பின்தொடர்ந்தது ‘கிரியேட்’ என்ற ஆய்வு. 2008-இல் ‘லான்செட்’ இதழில் வெளியானது. வலி தொடங்கியதிலிருந்து மருத்துவமனை வந்து சேர ஆன நேரத்தின் நடுப்புள்ளி 360 நிமிடம். அதாவது பாதிப்பேர் ஆறு மணி நேரத்துக்குள் வந்தார்கள், மீதிப் பாதிப்பேருக்கு அந்த அவசரமும் இல்லை. ஆறு மணி நேரத்தில் கிளாம்பாக்கத்தில் பஸ் ஏறியவர் திருச்சிக்கே போய்விடுவார். அதே நேரத்தில் நம் நகரத்து நோயாளி இரண்டு தெரு தள்ளியிருக்கும் மருத்துவமனைக்குப் போய்ச் சேர்கிறார்.

அந்த ஆறு மணி நேரம் என்ற கணக்கில் ஒரு நுட்பமும் இருக்கிறது. இதயத்துக்கு இரத்தம் கொண்டுபோகும் குழாயின் உள்சுவரில் வருடக்கணக்காகப் படிந்த கொழுப்பு ஒருநாள் வெடிக்கிறது. வெடித்த இடத்தில் இரத்தம் உறைந்து வழியை அடைக்கிறது. அரை மணி நேரம் போல ஆனதும் அந்தக் குழாயை நம்பியிருந்த தசை சாகத் தொடங்குகிறது. ஆறு மணி நேரம் ஆகும்போது, சாக வேண்டிய தசையில் பெரும்பகுதி செத்து முடிந்திருக்கும். அதற்கு முன்னால் போனால் மருத்துவர் காப்பாற்றித் தொலைப்பார். உறைந்ததைக் கரைக்க ஊசி போடுவார், பலூனை விட்டு அடைப்பைத் திறப்பார், கையும் காலும் பரபரக்க ஓடுவார். அவருக்கு அத்தனை சிரமம் வைக்காமல், எல்லாம் அடங்கிய பிறகு நிதானமாகப் போய் நிற்பது என்ன ஒரு பண்பாடு!

இந்தப் பண்பாட்டை அருகிலிருந்து பார்க்க ஆசைப்படுபவர்கள் ஏதாவது ஒரு அடுக்குமாடி வீட்டுக்குள் விடியற்காலை நாலரை மணிக்கு எட்டிப் பார்க்க வேண்டும். மாரடைப்புக்கும் விடிகாலையும் காலையும்தான் உகந்த வேளை. வீட்டுத் தலைவர் கட்டிலில் உட்கார்ந்து நெஞ்சை நீவிக்கொண்டிருக்கிறார். மருத்துவக் குழு கூடுகிறது.

“ராத்திரி அந்தப் பரோட்டா வேணாம்னு சொன்னேன், கேட்டீங்களா?” ஒரே வாக்கியத்தில் நோய் கண்டறியப்பட்டுவிட்டது.

“அப்பா, 108-க்கு அடிக்கட்டுமா?”

“சும்மா இருடா. வண்டி சத்தம் போட்டுட்டு வந்தா தெருவே எழுந்துக்கும்.”

மறுநாள் காலை மூன்றாவது மாடிக்காரர் ‘ராத்திரி என்னமோ ஆம்புலன்ஸ் வந்துதாமே’ என்று விசாரித்துவிட்டால் குடும்ப மானம் என்னாவது? ஓமத்தண்ணி வருகிறது. அது கேட்காமல் ஜெலூசில். அதுவும் கேட்காமல், முக்குக்கடை திறந்ததும் பையனை விட்டு சோடா. சோடா குடித்ததும் ஒரு ஏப்பம். ஏப்பம் வந்தாயிற்று என்றால் வழக்கு முடிந்தது. அதற்கு மேல் மேல்முறையீடு செய்ய எந்த ஈசிஜிக்கும் அதிகாரமில்லை. தோள்பட்டை மட்டும் இன்னும் கடுக்கிறதே என்றால், ‘தப்பா படுத்திருப்பீங்க’ என்று தைலம் தேய்க்கப்படுகிறது. தாடை வலித்தால் அது பல். முதுகு வலித்தால் மெத்தை. உடம்பின் எந்த உறுப்பையும் குற்றவாளிக் கூண்டில் ஏற்றத் தயங்காத இந்தக் குழு, இதயத்தின் மீது மட்டும் ஒரு சந்தேகமும் படுவதில்லை. அவ்வளவு நம்பிக்கை.

நியாயமாகப் பார்த்தால் இதயத்துக்கும் இதில் பங்குண்டு. அதன் கீழ்ச்சுவர்ப் பக்கம் போகும் குழாய் அடைபட்டால் சில நேரம் வலி மேல்வயிற்றில்தான் தெரியும். குமட்டும், வாந்தி வரும். சர்க்கரை நோய் முற்றி நரம்பு மரத்தவர்களுக்கு வலியே இல்லாமலும் அட்டாக் வந்து போகும். இதயமே ‘நான்தான் வயிறு’ என்று வேஷம் கட்டி வந்து நிற்கும்போது வீட்டிலுள்ளவர்கள் என்ன செய்வார்கள், பாவம்? வேஷத்தைக் கலைக்கப் பல நேரம் ஒரு ஈசிஜி எடுத்தால் போதும். முதல் ஈசிஜி சரியாக இருந்தாலும் விடாமல் இரத்தப் பரிசோதனையும் செய்து பார்ப்பார்கள். அதற்குத்தான் ஆகுமே சில நூறு ரூபாய்! வாரக் கடைசியில் ஒரு பிரியாணிக்குச் செலவழிக்கிற பணத்தை இதயத்துக்குச் செலவழிக்கிற ஊதாரித்தனம் நம் குடும்பங்களில் இல்லை.

ஏழு மணிக்கு வலி திரும்புகிறது. ஆனால் தெருக்கோடி டாக்டர் கிளினிக்கைத் திறப்பது ஒன்பதரைக்குத்தான். ‘டாக்டர் வரட்டும், அவருக்குத்தான் நம்ம உடம்பு பழக்கம்.’ ஒன்பது மணிக்குக் கிளம்பத் தயாராகும்போது மனிதர் சொல்வதைக் கேளுங்கள்: “ஒரு குளியல் போட்டுட்டு வந்துடறேன்.” செத்துக்கொண்டிருக்கும் தசையோடு படியேறிப் போய்த் தலைக்குக் குளித்து, முகம் மழித்து, இஸ்திரி போட்ட சட்டை மாட்டி, திருநீறு இட்டு, அரை டம்ளர் காபி குடித்துவிட்டு, தானே ஸ்கூட்டரைக் கிளப்பி, பின்னால் மனைவியை உட்காரவைத்து ஓட்டிக்கொண்டு போகிறாரே, அவருக்கு எந்த அரசாங்கமாவது ஒரு விருது கொடுத்ததுண்டா?

அந்த மனைவியின் பொறுமையோ இதைவிட ஒரு படி மேல். அவருக்கு வரும் அட்டாக் பல நேரம் நெஞ்சு வலியாகவே வராது. மூச்சு வாங்கும், தாடை கடுக்கும், காரணமில்லாமல் ஓய்ந்து போவார். அவர் வீட்டுக் குழு கூடுவதற்கே ஆளில்லை, ஏனென்றால் குழுவின் தலைவரே அவர்தான். குக்கர் மூன்று விசில் விடட்டும், பேத்தி பள்ளிக்கூடம் போகட்டும், வேலைக்காரம்மா வந்து போகட்டும் என்று அவர் தள்ளிவைப்பதை யாரும் கணக்கெடுப்பதும் இல்லை. ‘டென்ஷன்’ என்று ஒரு சொல் இருக்கிறது. ஐம்பது வயதுப் பெண்ணுக்கு வரும் எல்லா நோய்க்கும் அது பொருந்தும்.

இவ்வளவு நிதானம் ஒரே காலையில் கைவராது. இருபது வருடச் சாதகம் வேண்டும். அந்தச் சாதகத்தை எங்கள் ஊர் ‘பிரஷர்’ மாத்திரையில் செய்கிறது. 2020-இல் தமிழக அரசு மாநிலம் முழுக்க எடுத்த ‘ஸ்டெப்ஸ்’ கணக்கெடுப்பில், பெரியவர்களில் மூன்றில் ஒருவருக்கு இரத்தக் கொதிப்பு இருந்தது. அவர்களில் அதைக் கட்டுக்குள் வைத்திருந்தவர்கள் நூற்றுக்கு ஏழு பேர். மற்ற தொண்ணூற்று மூன்று பேரும் அஞ்சா நெஞ்சர்கள். ‘மாத்திரையை ஆரம்பிச்சா நிறுத்தவே முடியாது சார், பழகிடும்’ என்பது இவர்களது கொள்கை. உப்புக்கும் உறைப்புக்கும் காலைக் காபிக்கும் பழகிய இந்த உடம்பு, ஒரு சின்ன மாத்திரைக்குப் பழகிவிடக் கூடாது என்பதில் அத்தனை கண்டிப்பு. இன்னொரு வகையினர் ஒரு மாதம் போட்டுப் பார்ப்பார்கள். அளந்தால் நார்மல் என்று வரும். நார்மல் ஆனபிறகு எதற்கு மாத்திரை என்று நிறுத்திவிடுவார்கள். மழையில் நனையாமலிருப்பது குடையால்தான் என்பதை ஒப்புக்கொள்ள மறுக்கும் சுயமரியாதை அது.

மாத்திரைக்குப் பதிலாக அவர்களிடம் கஷாயம் இருக்கிறது. இஞ்சி, பூண்டு, எலுமிச்சை, ஆப்பிள் சிடர் வினிகர் நான்கையும் காய்ச்சித் தேன் கலந்து வெறும் வயிற்றில் குடித்தால் எப்பேர்ப்பட்ட அடைப்பும் கரைந்துவிடும், பைபாஸே வேண்டாம் என்று வாட்ஸ்அப்பில் வந்திருக்கிறது. ஐந்து வருடம் முன்னாலும் வந்தது, நாளைக் காலையும் வரும். கொலஸ்ட்ரால் என்பதே மருந்துக் கம்பெனிகள் கட்டிவிட்ட கதை என்றும் வரும். இப்போதெல்லாம் இளவயதில் யாராவது சுருண்டு விழுந்தால் கொரோனா ஊசிதான் காரணம் என்று அடுத்த மணியில் தீர்ப்பும் வந்துவிடும். இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகம் 2023-இல் 18 முதல் 45 வயதுக்காரர்களின் திடீர் மரணங்களை ஆராய்ந்து, ஊசி அல்ல, குடும்பத்தில் முன்பே நடந்த திடீர் மரணம், மிதமிஞ்சிய குடி, கொரோனாவால் மருத்துவமனையில் கிடந்தது, கடும் உடலுழைப்பு போன்றவைதான் ஆபத்தைக் கூட்டியவை என்று சொன்னது. அதை ஃபார்வேர்டு செய்ய யாருக்கும் மனம் வரவில்லை. இரண்டு பக்கத்துக்கு மேல் இருந்தது.

தனிமனிதரின் புகழையே பாடிக்கொண்டிருந்தால் நகரம் கோபித்துக்கொள்ளும். இந்தச் சாதனையில் அதன் பங்கு கொஞ்சநஞ்சமல்ல.

லண்டனில் ஜெர்ரி மாரிஸ் என்ற மருத்துவர் 1953-இல் ஒரு ஆய்வை வெளியிட்டார். மாடிப் பேருந்துகளில் நாளெல்லாம் உட்கார்ந்தே ஓட்டிய ஓட்டுநர்களையும், மாடிக்கும் கீழுக்குமாக ஏறி இறங்கி டிக்கெட் கொடுத்த நடத்துநர்களையும் ஒப்பிட்டுப் பார்த்தார். ஓட்டுநர்களுக்கு இதய நோய் கூடுதல், வந்தபின் சாவும் கூடுதல். உடலசைவு இதயத்தைக் காக்கிறது என்று உலகம் நம்பத் தொடங்கியது அங்கிருந்துதான். லண்டன் நடத்துநருக்குக் கிடைத்த அந்த அநியாயச் சலுகையை எங்கள் மாநகரப் பேருந்து ஒழித்துக்கட்டிவிட்டது. எங்கள் நடத்துநர் பின்வாசல் பக்கம் அமர்ந்த இடத்தை விட்டு எழ வேண்டியதில்லை. ‘ஒரு வடபழனி, பாஸ் பண்ணுங்க’ என்று பத்துக் கை மாறிக் காசு போகும், பத்துக் கை மாறி டிக்கெட்டும் சில்லறையும் திரும்பும். ஓட்டுநரும் நடத்துநரும் சரிசமம். சமூக நீதி மண்ணல்லவா!

நடப்பவர்களுக்கும் குறை வைக்கவில்லை. இந்திய நகரங்களுக்கெல்லாம் முன்னோடியாக 2014-இல் மோட்டார் அல்லாத போக்குவரத்துக்கென்று ஒரு கொள்கையை ஏற்றது சென்னை மாநகராட்சி. போக்குவரத்துக்கான நிதியில் குறைந்தது 60 சதவீதம் நடப்பவர்க்கும் மிதிவண்டிக்காரர்க்கும் என்று அதில் எழுதியிருந்தது. அழகான தாள். அந்தத் தாளைக் கையில் வைத்துக்கொண்டு நடைபாதையில் இறங்கிப் பாருங்கள். முதலில் மின்வாரியத்தின் பில்லர் பாக்ஸ் வரவேற்கும். அதைச் சுற்றி வந்தால் ஒரு டிரான்ஸ்ஃபார்மர். அடுத்து புல்லட் இரண்டும் ஆக்டிவா நான்கும் சாய்ந்து நிற்கும். அதற்கடுத்து டீக்கடை. பிறகு பள்ளம். இப்படிக் குனிந்தும் தாண்டியும் ஒருக்களித்தும் போனால் அது உடற்பயிற்சியாகாதா என்றால், ஆகும், எதிரே வரும் தண்ணீர் லாரிக்குத் தப்பிக்கும் வரைக்கும். பாண்டி பஜாரில் 2019-இல் நடப்பதற்கென்றே அருமையாக ஒரு வளாகம் கட்டித் தந்தார்கள். அங்கே நிம்மதியாக நடக்கலாம். அங்கே போய்ச்சேர வண்டி எடுக்க வேண்டும்.

காலையில் பூங்காவிலும் மெரினாவிலும் நடக்கிறார்களே என்று ஒருவர் கேட்கக்கூடும். நடக்கிறார்கள், மறுக்கவில்லை. முக்கால் மணி நடந்து வாசலுக்கு வந்ததும் ஒரு செட் நெய்ப்பொங்கலும் இரண்டு மெதுவடையும் காத்திருக்கின்றன. எரித்த கலோரியை உடனுக்குடன் திருப்பிச் செலுத்திவிடும் நேர்மையைக் கடன்காரர்கள் இவர்களிடம் கற்றுக்கொள்ள வேண்டும்.

சோற்றுப் பக்கம் வந்தால் புகழ இன்னும் இடமிருக்கிறது. நாளைக்கு 5 கிராம் உப்புக்கு மேல் வேண்டாம் என்கிறது உலக சுகாதார நிறுவனம். ஊறுகாய், அப்பளம், வத்தல், கருவாடு, மிக்சர் என்ற பஞ்சபூதங்களை அறியாத நிறுவனம் அது. ரேஷன் கடையில் பருப்போடு பாமாயிலும் லிட்டர் 25 ரூபாய்க்குக் கிடைக்கிறது. அதில் பாதியளவு நிறைவுற்ற கொழுப்பு. ஏழை வீட்டு வடைக்கும் பணக்கார வீட்டு நெய்ரோஸ்ட்டுக்கும் கொழுப்பில் ஏற்றத்தாழ்வு இருக்கக் கூடாது என்பதுதான் நோக்கமாக இருக்க வேண்டும். திரும்பத் திரும்பக் காய்ச்சிய எண்ணெயில் கெட்டுப்போன சேர்மங்கள் 25 சதவீதத்தைத் தாண்டினால் அதைக் கொட்டிவிட வேண்டும் என்று 2018 முதல் சட்டம் இருக்கிறது. பஜ்ஜிக் கடையில் வாணலியின் அடியே தெரியாத அளவுக்கு எண்ணெய் கறுத்திருப்பதைப் பார்க்கும்போது, சட்டம் எழுதியவர்கள் மாலை ஆறு மணிக்கு மேல் வெளியே வருவதில்லை என்று புரிகிறது. பக்கத்திலேயே டீயும் தம்மும். சில்லறையாக ஒரு சிகரெட், பற்றவைக்கக் கயிற்றில் கட்டித் தொங்கும் லைட்டர். பொது இடத்தில் புகைபிடிக்கத் தடை வந்தது 2008 அக்டோபர் 2-இல். காந்தி ஜெயந்தியாகப் பார்த்துத் தேர்ந்தெடுத்த தேதி என்பதால், அதையும் மற்றொரு காந்தியக் கொள்கையாக எண்ணிப் படத்தில் மாலை போட்டு வைத்துவிட்டோம்.

தம் அடிக்காதவர்கள் ஏமாந்துபோகக் கூடாதே என்று காற்று இருக்கிறது. நுண்தூசி, இரண்டரை மைக்ரானுக்கு உட்பட்டது, மூச்சுப்பைக்குள் போய் அங்கிருந்து இரத்தத்திலும் கலந்து குழாய்ச் சுவர்களைப் புண்ணாக்கும், உறைதலைத் தூண்டும். ஒரு கன மீட்டர் காற்றில் ஆண்டுச் சராசரியாக 5 மைக்ரோகிராமுக்கு மேல் கூடாது என்று உலக சுகாதார நிறுவனம் 2021-இல் சொன்னது. இந்தியாவின் அனுமதி 40. இந்திய இதயம் எட்டு மடங்கு உறுதியானது என்று தேசமே அதன்மேல் வைத்திருக்கும் மதிப்பு இது. எண்ணூரிலும் மணலியிலும் அனல்மின் நிலையத்துக்கும் சுத்திகரிப்பு ஆலைக்கும் நடுவே வாழ்கிறவர்களுக்கு இந்த மதிப்பு தலைமுறை தலைமுறையாக வழங்கப்பட்டு வருகிறது. அவர்களைக் கேட்டால் ‘இருமல்தான், வேற ஒண்ணுமில்ல’ என்பார்கள். பொறுமையில் வடசென்னையை மிஞ்ச ஆளில்லை.

இத்தனையும் கூடிச் செய்யும் வேலைக்குப் பலன் சீக்கிரமே கிடைத்துவிடுகிறது. 52 நாடுகளில் நடந்த ‘இன்டர்ஹார்ட்’ ஆய்வில், தெற்காசியருக்கு முதல் மாரடைப்பு வரும் நடுவயது 53. மற்ற நாட்டினருக்கு ஏறத்தாழ 59. பிள்ளையின் கல்லூரிக் கட்டணம், வீட்டுக் கடனின் கடைசித் தவணைகள், பெண்ணின் கல்யாணம் எல்லாம் ஒன்றாக வந்து நிற்கிற வயது 53. சரியாக அந்த நேரம் பார்த்து மனிதரை விடுவிக்கிறதே, அந்தக் கரிசனத்தை எப்படிச் சொல்ல? இதே ஆய்வு இன்னொன்றும் சொன்னது. புகை, கொழுப்பு, கொதிப்பு, சர்க்கரை, தொப்பை, மன அழுத்தம், காய் கனி குறைவு, உடலசைவு இன்மை உள்ளிட்ட ஒன்பதே உலக மாரடைப்புகளில் பத்தில் ஒன்பதை விளக்கிவிடுகின்றன. ஆகவே ‘தலையெழுத்து’ என்று நாம் சொல்வது மீதி ஒரு பங்குக்கு மட்டுமே செல்லும். ஆனாலும் பத்துக்குப் பத்தையும் அதன் கணக்கிலேயே எழுதிவருகிறோம். தாராள மனசு.

மருத்துவமனைகள் இல்லையா என்று யாரும் எங்களைக் கேட்டுவிட முடியாது. இந்தியாவின் முதல் வெற்றிகரமான பைபாஸ் அறுவை 1975-இல் நடந்தது பெரம்பூர் ரயில்வே மருத்துவமனையில்தான், செய்தவர் டாக்டர் கே.எம். செரியன். அதன்பின் இந்த ஊரில் இதயக் குழாய் அடைப்பைத் திறக்கும் கேத் லேப் இல்லாத சாலை அரிதாகிவிட்டது. உலகம் முழுக்க இருந்து இதயத்தைத் தூக்கிக்கொண்டு இங்கே வருகிறார்கள். விமானத்தில் வந்த இதயங்கள் பிழைத்துப் போகின்றன, பக்கத்துத் தெரு இதயம் சோடாவுக்குக் காத்திருக்கிறது. அடைப்பைத் திறந்து வைக்கும் ஸ்டென்ட்டின் விலையை 2017 பிப்ரவரியில் மத்திய அரசு கட்டுப்படுத்தியது. அன்றைய வரம்பு மருந்து பூசியதற்கு 29,600 ரூபாய், பூசாததற்கு 7,260. அதற்கு முன் மருந்து பூசியது லட்ச ரூபாயைத் தாண்டி விற்றது. இந்த அடியைத் தாங்கிக்கொண்டு இயங்கும் பில் புத்தகத்தின் மன உறுதியைப் பாராட்டாமல் இருக்க முடியவில்லை. ஸ்டென்ட் என்ற ஒரு வரிக்குத்தானே உச்சவரம்பு, பில்லில் எத்தனை வரி இருக்கிறது!

‘கிரியேட்’ ஆய்வில் இன்னொரு எண் கிடக்கிறது, அதை எடுத்துப் பேசுபவர்கள் குறைவு. முப்பது நாளுக்குள் இறந்தவர்கள் வசதியானவர்களில் நூற்றுக்கு 5.5, ஏழைகளில் 8.2. இருவருக்கும் கிடைத்த சிகிச்சையைச் சமமாக்கிக் கணக்குப் போட்டதும் அந்த வித்தியாசம் காணாமல் போய்விட்டது. ஏழை இதயம் என்று தனியாக ஒரு இதயம் இல்லை. ஆட்டோ ஓட்டுபவருக்கு ஒருநாள் சவாரி போனால் அன்றைய வாடகை கைக்காசு. உணவு டெலிவரி செய்யும் பையன் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தால் ஆர்டர் ரத்து. அவர்களும் பொறுத்துத்தான் கொள்கிறார்கள். அதையும் பொறுமை என்றே பதிவேட்டில் எழுதிக்கொள்கிறோம், குளித்துவிட்டு வந்த அந்த ஸ்கூட்டர்க்காரரின் பொறுமையோடு சேர்த்து.

ஒருவேளை யாரோ ஒருவர் பொறுமையிழந்து 108-ஐ அழைத்துவிட்டாலும் அஞ்ச வேண்டியதில்லை, ஊர் சமாளித்துக்கொள்ளும். ஆம்புலன்சுக்கு வழிவிடாவிட்டால் 10,000 ரூபாய் அபராதம் என்று 2019-இல் மோட்டார் வாகனச் சட்டத்தில் சேர்த்தார்கள். நம்மவர்கள் வழிவிடுவார்கள், அந்தத் திறந்த வழியில் ஆம்புலன்சின் வாலைப் பிடித்துக்கொண்டு தாங்களும் போவார்கள். வண்டி அடுக்குமாடிக்கு வந்தால் வாசலில் இரண்டு கார் குறுக்கே நிற்கும். வாட்ச்மேன் சாவி தேடிப் போவார். லிஃப்ட் இருக்கும், ஸ்ட்ரெச்சர் அதில் நுழையாது. நான்காவது மாடியிலிருந்து பிளாஸ்டிக் நாற்காலியில் உட்காரவைத்து இறக்குவார்கள். சதுர அடிக்கு எவ்வளவு என்று பேரம் பேசி வாங்கிய வீட்டில், தன்னைப் படுக்கவைத்து வெளியே கொண்டுபோக வழியிருக்கிறதா என்று கேட்காத பெருந்தன்மையை என்னவென்பது?

தெருவிலோ மாலிலோ ஒருவர் சரிந்தால் கூட்டத்துக்குப் பஞ்சமில்லை. இதயம் நின்றுபோனவருக்கு மார்பின் நடுவில் நிமிடத்துக்கு 100 முதல் 120 தடவை, 5 சென்டிமீட்டர் ஆழத்துக்கு அழுத்திக்கொண்டே இருக்க வேண்டும். அப்படி அழுத்தாத ஒவ்வொரு நிமிடத்துக்கும் பிழைக்கும் வாய்ப்பு நூற்றுக்கு ஏழு முதல் பத்து வரை இறங்கிக்கொண்டே போகும். கூட்டமோ முகத்தில் தண்ணீர் தெளிக்கிறது, நினைவில்லாத வாயில் சோடா ஊற்றுகிறது, நாலு பேர் படம் பிடிக்கிறார்கள். அதே மாலின் சுவரில் கண்ணாடிப் பெட்டிக்குள் மின்னதிர்ச்சிக் கருவி ஒன்று தூசு படாமல் பளபளத்துக்கொண்டிருக்கலாம். தொண்டைமானின் ஆயுதச்சாலையில் பயன்படாமல் பளபளத்த ஆயுதங்களைப் பாடிய ஔவை இங்கே வந்தால் புதிதாக எதுவும் பாட வேண்டியதில்லை.

எல்லாம் முடிந்தபின் சான்றிதழ். இறப்புக்குக் காரணம் எழுதும் படிவத்தில் ‘இதயமும் மூச்சும் நின்றதால்’ என்று எழுதுவது ஒரு பொது வழக்கம். மறுக்க முடியுமா? இதயம் நிற்காமல் செத்தவர் எவருமில்லை. அது சாகும் விதமே தவிர காரணமல்ல, எழுதக் கூடாது என்று உலக சுகாதார நிறுவனம் சொல்லிக்கொண்டே இருக்கிறது. டாக்டர் கஜலட்சுமி, ரிச்சர்ட் பீட்டோ முதலிய ஆய்வாளர்கள், 1995 முதல் 1997 வரை சென்னையில் இறந்த சுமார் 48,000 பெரியவர்களின் வீடுகளுக்கு ஆளனுப்பி, எப்படி இறந்தார் என்று உறவினர்களைக் கேட்டு எழுதவைத்தார்கள். சான்றிதழில் தெளிவில்லாமல் விடப்பட்டிருந்த ஏராளமான சாவுகளுக்கு, வீட்டுத் திண்ணையில் உட்கார்ந்து கேட்ட மாத்திரத்தில் காரணம் கிடைத்தது. மாநகராட்சி ஏட்டுக்குத் தெரியாததை மருமகள் சொல்லிவிட்டாள். எந்தத் தெருவில் எத்தனை பேர் எதனால் போகிறார்கள் என்று தெரியாமல் இருப்பதில் ஒரு வசதி உண்டு, அதற்காக எதுவும் செய்ய வேண்டியிருக்காது.

இந்த ஊர் தன் மனிதர்களைப் பாராட்டுவதில்லை என்று மட்டும் சொல்லிவிடக் கூடாது. சாவு வீட்டு வாசலில் ஷாமியானாவுக்குக் கீழே பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார்ந்தால் அந்தப் பாராட்டைக் கேட்கலாம். “கொடுத்து வச்சவர் சார். பொட்டுனு போயிட்டார். ஒருநாள் படுக்கல, யாருக்கும் ஒரு தொந்தரவு கொடுக்கல. நல்ல சாவு.” போனவருக்கு வயது ஐம்பத்திரண்டு. உள்ளே ப்ளஸ் டூ படிக்கிற பெண் சுவரில் சாய்ந்து உட்கார்ந்திருக்கிறாள். யாருக்கும் தொந்தரவில்லை என்ற கணக்கில் அவள் சேரவில்லை. கிளம்பும்போது அப்படிச் சொன்னவரே நெஞ்சை லேசாக நீவிக்கொள்கிறார். காலையிலிருந்து ஒன்றும் சாப்பிடவில்லை, வாயுதான்.

இவ்வளவு சொல்லியும் பொறுமை கைகூடாத அவசரக்காரர்கள் யாராவது இருந்தால் அவர்களுக்கு ஒரு தகவல். 2008 முதல் தமிழ்நாட்டில் 108 ஓடுகிறது. 2023 முதல் ‘இதயம் காப்போம்’ திட்டத்தில், நெஞ்சு வலியோடு ஆரம்ப சுகாதார நிலையத்துக்குப் போனால் ஆஸ்பிரின், குளோபிடோக்ரெல், அடோர்வாஸ்டாடின் மாத்திரைகளை முதல் தவணையாகக் கொடுத்து, பெரிய மருத்துவமனைக்கு அனுப்பிவைக்கிறார்கள். இரண்டுக்கும் காசு கிடையாது. வலி வந்தவர் வண்டி ஓட்டக் கூடாது, குளிக்கப் போகக் கூடாது, பத்து நிமிடத்துக்கு மேல் யோசிக்கக் கூடாது. கடைசியில் அது வாயுவாகவே இருந்துவிட்டால் தெருவில் நாலு பேர் சிரிப்பார்கள். சிரித்துவிட்டுப் போகட்டும்.